தோட்டத்துப் பழைய படத்துக்கு ஆங்கிலக் குறிப்பு: 'கூலி' இருக்கலாமா, கூடாதா?

செம்பருத்தி:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் படித்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் நினைவு மலரில் ஆங்கிலப் பக்கங்கள் என் தலையில் விழுந்திருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

நடுப்பக்கத்துக்கு ஒரு படம் கிடைத்திருக்கிறது. பெரட்டுக் களம், அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். இன்னும் சரியாக விடியவில்லை. தலையில் துணி கட்டிய பெண்கள் ஒரு வரிசை, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் வாளியுமாக ஆண்கள் ஒரு வரிசை. தோட்டக் கணக்கரான கிராணி கையில் பெயர்ப் புத்தகம். ஓரத்தில் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகத் துரை, காலடியில் அவருடைய நாய். பின்பக்கம் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: 'கூலிகள், காலைப் பெரட்டு'. நாயின் பெயரும் எழுதியிருக்கிறது. மனிதர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

இதை அப்படியே போட்டால் அந்தச் சொல் எங்கள் மலரில் எங்கள் எழுத்தாகவே நிற்கும். குழுவில் ஒருவர் 'லேபரர்' போதும் என்கிறார். இன்னொருவர் 'இண்டென்சர்ட் லேபரர்', அதாவது ஒப்பந்தத் தொழிலாளி, என்றால்தான் கௌரவம் என்கிறார். என் சித்தப்பா ஒருவர், 'ஸ்லேவ் என்றே போடு, உலகம் தெரிந்துகொள்ளட்டும்' என்கிறார். அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார்கள். கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்.

ஒட்டுப்பால்:

இதற்கு எதற்கு இவ்வளவு தயக்கம்? கூலி நம் சொல். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் சொன்ன சொல். தெய்வத்தால் ஆகாததும் உழைப்பால் ஆகும் என்கிற இடத்தில் அதை வைத்திருக்கிறார். என் பாட்டன் உழைத்தான், கூலி வாங்கினான், பிள்ளைகளைக் கரையேற்றினான். யார் வீட்டிலும் திருடவில்லை. வெள்ளைக்காரன் வாயில் போய் வந்ததால் நம் சொல் தீட்டாகிவிடுமா? உத்தியோகத்துக்குப் போய் வீடு வாங்கிய பிறகுதான் நமக்கு இந்த வெட்கமெல்லாம் வருகிறது. இருப்பதை அப்படியே போடுங்கள்.

பழைய வாத்தியார்:

ஒட்டுப்பால் தம்பி, வள்ளுவரை அழைத்து வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறளில் கூலி என்பது ஆள் அல்ல, கிடைக்கிற பலன். தமிழில் வேலை செய்கிறவர் கூலியாள், கூலிக்காரர். ஆங்கிலம் அந்த ஆளை வெட்டிவிட்டு, கொடுத்த காசையே மனிதனுக்குப் பெயராக வைத்துவிட்டது. மாதச் சம்பளம் வாங்கிய கிராணியை யாரும் 'சம்பளம்' என்று கூப்பிட்டதில்லை அல்லவா?

தமிழிலிருந்துதான் போயிற்று என்று அடித்துச் சொல்லவும் முடியாது. குஜராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயர்தான் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று என்று ஒரு கட்சி உண்டு. 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரண்டு கட்சியையும் எடுத்துப் பேசுகிறது. அந்த அகராதியின் பெயரே ஒரு வேடிக்கை. முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மாரடித்து அழுததைக் கேட்ட வெள்ளைச் சிப்பாய்களின் காதில் அது அப்படி விழுந்ததாம். அழுகையைக் கேலியாக்கி அகராதிக்குத் தலைப்பும் வைத்தாயிற்று. சீனர்களோ அதே ஒலிக்குத் தங்கள் எழுத்தில் 'கசப்பு', 'வலிமை' என்ற இரண்டு எழுத்துகளைப் பொருத்திக்கொண்டார்கள். ஒலியும் பொருந்தியது, வாழ்க்கையும் பொருந்தியது.

வேர் எதுவாகவும் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது அந்தச் சொல் வேலையையும் உதறிவிட்டது. கடை வைத்து வியாபாரம் செய்தவர் கூலி வியாபாரி. லண்டனில் சட்டம் படித்த காந்தி கூலி பாரிஸ்டர். அவரே எழுதிவைத்திருக்கிறார். தமிழர்களுக்கு அங்கே இன்னொரு பெயரும் இருந்தது: 'சாமி'. நம்மவர் பெயர்கள் சாமி சாமி என்று முடிவதைக் கேட்டு வெள்ளையர் அந்த வாலைப் பிடித்துக்கொண்டார்கள். வாய்த்துடுக்குள்ள இந்தியர்கள், 'சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உனக்கு எசமான் இல்லையே' என்று திருப்பிக் கொடுப்பார்களாம். சில வெள்ளையர் முகம் சுளிப்பார்கள், சிலர் திட்டுவார்கள், வாய்ப்புக் கிடைத்தால் அடிக்கவும் அடிப்பார்கள். சாமியையே வசையாக்க முடிந்தவர்களுக்குக் கூலி எம்மாத்திரம்?

ரயிலடி:

வாத்தியார் சொன்ன சாமிக்குப் பக்கத்தில் நம் 'தம்பி'யையும் நிறுத்துங்கள். மலாயா ஆங்கிலத்தில் 'தம்பி' என்றால் அலுவலகத்தில் கோப்புத் தூக்குகிற, தேநீர் வாங்கி வருகிற இந்திய ஆள். என் தாத்தா ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் தலை நரைத்த பிறகும் தம்பிதான். பேரன் வயதுள்ள அதிகாரி மணியடித்துவிட்டு 'தம்பி' என்று குரல் கொடுப்பான். தாத்தா வீட்டில் எங்கள் யாரையும் தம்பி என்று அழைத்ததே இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஏன் என்று பாட்டிதான் பின்னாளில் சொன்னார்.

கோர்ட்டுப் படி:

செம்பருத்தி அக்கா, 'இண்டென்சர்ட்' என்று போடுவதற்கு முன் ஒரு கேள்வி. படம் எந்த ஆண்டு? தெரியவில்லை என்றால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

சஞ்சிக் கூலி முறை, அதாவது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவருவது, மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் ரப்பர் காடு பெருகியதே அதையொட்டிய ஆண்டுகளில்தான். அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர், ஆள் சேர்க்கும் மேஸ்திரியான கங்காணி ஊருக்குப் போய் அழைத்து வந்தவர்கள், அல்லது 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கட்டப்பட்டு வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசு அந்த வழியையும் அடைத்தது. ஆகவே 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய என் கொள்ளுத்தாத்தாவை 'இண்டென்சர்ட்' என்று சொன்னால், கேட்க மரியாதையாக இருக்கும். உண்மையாக இருக்காது. ஆங்கிலக் கட்டுரைகளில் இப்போது எல்லாத் தோட்டத் தமிழரையும் இந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். கூலி என்பதற்கு நாகரிகமான மாற்று என்று நினைத்துக்கொண்டு செய்கிற காரியம்.

'ஸ்லேவ்' பற்றி உங்கள் சித்தப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1833-இல். கரும்புத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அந்த இடத்தை நிரப்பத்தான் ஒப்பந்த முறை. மொரீஷியசுக்கு முதலில், பிறகு மற்ற தீவுகளுக்கு. சஞ்சி காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், சிறை உண்டு. இருந்தாலும் சஞ்சியில் வந்தவரின் பிள்ளை பிறக்கும்போதே துரையின் சொத்து ஆகிவிடவில்லை. அமெரிக்காவில் அடிமைச் சந்தையில் நின்றவரின் பிள்ளை அப்படி ஆனது. நம் துயரத்தைச் சொல்ல இன்னொருவருடைய துயரத்தின் பெயரைக் கடன் வாங்க வேண்டாம்.

ஒட்டுப்பால்:

அப்படியானால் 'லேபரர்' மட்டும் என்ன வாழ்ந்தது? அந்தச் சொல்லில் தோட்டமும் இல்லை, பெரட்டும் இல்லை, துரையும் இல்லை. சிமெண்டு குழைக்கிறவனும் லேபரர்தான். பேரப்பிள்ளை படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவான்.

கித்தா மரம்:

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தியது. சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கை இருந்தது: வெள்ளைத் துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள்.

இதை இந்த இழைக்குக் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. கூலி என்ற சொல்லை அகராதியில் தேடினால் பாதிதான் கிடைக்கும். சைக்கிளை விட்டு இறங்கியவனைப் பார்த்துச் சொன்னபோது அதற்கு இருந்த பொருள் எந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியிலும் வராது. நம் பாட்டிமார்கள் 'இன்றைக்குக் கூலி போட்டார்களா' என்று கேட்டபோது அதில் ஓர் அவமானமும் இல்லை. ஒரே ஒலி, இரண்டு வாய்.

இன்னொன்று. தொழிலாளர்கள் அதை வேலைநிறுத்தம் என்றார்கள். நாதனைக் கைது செய்து, பட்டாளத்தை இறக்கிய தரப்பு அதைக் கலவரம் என்றது. எந்தச் சொல்லை எடுக்கிறீர்கள் என்பதில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

மேடைப் பேச்சு:

நான் ஆறாம் படிவ மாணவன். பெரியவர்கள் நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஒலி ஒன்று, பொருள் வேறு என்றதும் ஞாபகம் வந்தது. 1999-இல் வாஷிங்டன் நகர மேயரிடம் வேலை பார்த்த ஒருவர், பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதைச் சொல்ல 'நிகர்ட்லி' என்று சொன்னார். கஞ்சத்தனமான என்றுதான் அதற்குப் பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளோடு தொடர்புடைய பழைய சொல். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லோடு அதற்கு உறவே இல்லை. ஆனாலும் காதில் அப்படி விழுந்ததால் புகார் எழுந்து, அவர் பதவி விலகினார். பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆங்கில ஆசிரியர் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தினார். குற்றமற்ற சொல்லுக்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது தவறு என்று நான் பேசினேன். அந்தச் சொல் இல்லாமலே சிக்கனத்தைப் பற்றிப் பேச இருபது வழி இருக்கிறது என்று எதிரணி பேசியது. எதிரணிதான் வென்றது.

பறையொலி:

சுற்றி வளைத்துப் பேசியது போதும். ஆங்கிலத்தில் நம்மிடமிருந்து போன இன்னொரு சொல்லை ஏன் யாரும் தொடவில்லை? 'பரையா'. கூலிக்கு இரண்டு வேர் சொல்கிறார்கள். இதற்கு ஒரே வேர்தான். பறை அடித்தவர்களின் பெயர். போர்த்துகீசியர் கேட்டு, ஆங்கிலேயர் எடுத்து, ஊரால் ஒதுக்கப்பட்ட எவருக்கும் எதற்கும் பெயராக்கினார்கள். தெருநாய்க்கு அந்தப் பெயர், கரும்பருந்துக்கு அந்தப் பெயர். இன்றைக்கும் ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதித்தால் ஆங்கிலச் செய்தி அதைப் 'பரையா ஸ்டேட்' என்கிறது. மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்று எழுதினார், ஹன்னா அரெண்ட் அதே சொல்லை எடுத்து யூதர்களைப் பற்றிச் சிந்தித்தார். மேதைகள்தான். அவர்கள் எழுதும்போது அந்தப் பெயரோடு உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்த இலட்சக்கணக்கானவர்கள் ஒரு உவமையாக மட்டும் இருந்தார்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். மாலையில் பந்து விளையாடுகிற திடலில் கோல் விட்டுவிட்டவனை இந்தச் சொல்லால் திட்டுவார்கள். மலாய்க்காரப் பையனும் சொல்வான், சீனப் பையனும் சொல்வான், நம் பையனும் சொல்வான். முதல் இருவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மூன்றாமவனுக்குத் தெரியும்.

2011-இல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலில் இந்தச் சொல் வந்தபோது நம்மவர் கொதித்தெழுந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் பாடநூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நல்லது. ஆனால் அந்தக் கோபத்தில் இரண்டு கோபம் கலந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 'ஒரு சாதியை இழிவுபடுத்தாதே' என்பது ஒன்று. 'எங்களைப் போய் அவர்களோடு சேர்த்துவிட்டாயே' என்பது இன்னொன்று. இரண்டாவது கோபக்காரர்கள் என் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. சில தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததை இங்கே இருக்கிற பெரியவர்கள் அறிவார்கள். அதைப் பிரித்துக் கட்டியது துரை மட்டும்தானா?

இந்தப் பெயரை என்ன செய்வது என்று எங்கள் முன்னோர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். எதைச் சொல்லிக் குனிய வைக்கிறீர்களோ அதைச் சொல்லியே நிமிர்வேன் என்ற துணிச்சல். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு மைத்துனர் முறை. அவருக்கு அந்தப் பெயரே ஆகாது. எதிரிகள் சூட்டிய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும், நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்றார். 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். 1922-இல் எம். சி. ராஜா முயற்சியால் சென்னைச் சட்டமன்றம் ஆதி திராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு முடிவு. இருவரில் யாரையும் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒட்டுப்பால் அண்ணன் கூலி என்று பெருமையோடு சொல்ல உரிமையுள்ளவர். அந்த உரிமை அவருடைய பாட்டனின் உழைப்பிலிருந்து வந்தது. பென்சிலால் எழுதிய கைக்கு அந்த உரிமை கிடையாது.

சுங்கை சிப்புட்காரன்:

மேலே வேலைநிறுத்தமா கலவரமா என்று ஒருவர் எழுதினார். நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதற்கு அண்ணனான அவசரகாலத்தை மறக்கலாமா? 1948 ஜூன் 16-இல் நம் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1960 வரை நடந்தது எல்லாம் ஆங்கிலத்தில் 'எமர்ஜென்சி'. விமானத்திலிருந்து குண்டு விழுந்தது, தோட்ட மக்களைக் கம்பிவேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், அரிசியை அளந்து கொடுத்தார்கள். ஆனாலும் போர் என்று எழுதக்கூடாது. போர் என்றால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கமான லம்பத்துக்கும் லண்டன் காப்பீட்டுக்காரர்கள் நட்டஈடு தர மாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள்.

காட்டில் இருந்தவர்கள் முதலில் 'பேண்டிட்'. 1952-இல் மேலிடத்து உத்தரவு வந்தது, அன்றிலிருந்து 'கம்யூனிஸ்ட் டெரரிஸ்ட்'. காட்டில் இருந்தவன் அதே ஆள், அதே துப்பாக்கி. கொள்ளைக்காரனாகப் படுத்தவன் பயங்கரவாதியாக எழுந்தான். தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆங்கில அரசுக்கு அவர் துப்பாக்கி வைத்திருந்த குற்றவாளி. எங்கள் பாட்டி கடைசிவரை 'பாவம், நம் கணபதி' என்றுதான் சொல்லுவார்.

நிர்வாகி:

அவசரகாலம் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். அந்த ஆண்டுகளில் செத்தவர்களில் துரைமார் மூவர் மட்டும் அல்ல, தோட்டத்துத் தமிழர்கள் இரண்டு பக்கமும் செத்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இங்கே உறுப்பினர்கள். இங்கே படக்குறிப்பு மட்டும்.

டீச்சரம்மா:

சிறப்புக் கல்வி வகுப்பில் வேலை செய்கிறேன். எங்கள் துறையில் சொல் மாறிக்கொண்டே இருக்கும். 'மோரன்' என்பது அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கு 1910-இல் காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய மருத்துவச் சொல். வெறும் வசையாகிப் போயிற்று. அதற்குப் பின் வந்த 'ரிட்டார்டட்' கனிவான சொல்லாகத்தான் தொடங்கியது. 2010-இல் அமெரிக்கா சட்டம் போட்டு அதைத் தன் சட்டப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. பிரிட்டனில், மூளை முடக்குவாதம் உள்ளவர்களைக் குறித்த 'ஸ்பாஸ்டிக்' என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்தப் பெயரில் இருந்த சங்கம் 1994-இல் 'ஸ்கோப்' என்று மாறிக்கொண்டது. நம் பெட்டாலிங் ஜெயாவிலோ அதே சொல்லைப் பெயரில் வைத்த சங்கம் நல்ல பெயரோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே அந்தச் சொல்லை யாரும் திட்டுவதற்கு எடுக்கவில்லை. மலேசியப் பிள்ளைகள் திட்ட வேண்டும் என்றால் 'ஓக்கேயூ' என்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மரியாதைக்காகக் கொண்டுவந்த சுருக்கப் பெயர் அது.

இதனால் சொல்லை மாற்றுவது வீண் என்று சொல்ல வரவில்லை. என் வகுப்புப் பிள்ளையின் அம்மா எந்தச் சொல்லுக்கு முகம் வாடுகிறாரோ அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. அது அகராதியில் எப்படி இருந்தாலும் சரி.

செம்பனை:

நான் இப்போது ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு மேற்பார்வை. உங்கள் படத்தில் இருக்கிற அதே பெரட்டு இன்றைக்கும் காலையில் நடக்கிறது. வரிசையில் நிற்பது நம்மவர் அல்லர். இந்தோனேசியர், வங்கதேசத்தவர், நேப்பாளத்தவர். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் தலைக்கு மேல், கடப்பிதழ் யார் கையில் என்பதற்கு ஒரு சண்டை.

நம்மவர் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? 'ஏய் பங்களா.' நேப்பாளியையும் சில பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு திருமண விருந்தில் கூலி என்ற சொல் நம் இனத்துக்கு இழுக்கு என்று ஒருவர் முழங்கினார். முழங்கி முடித்துவிட்டு, சாம்பார் வாளியோடு நின்ற பையனைப் பார்த்து, 'பங்களா, இங்கே ஊற்று' என்றார். அந்தப் பையன் ஊற்றினான். அவன் பெயர் எனக்குத் தெரியும், என் தோட்டத்தில் வேலை செய்தவன்தான், இங்கே எழுதவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இந்த நாட்டில் 'வங்காளி' என்று நம் பாட்டன்மார் சொன்னது சீக்கியர்களை. கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர்கள் என்பதால் மலாயில் பெங்காலி. பஞ்சாபிக்காரரை வங்காளி ஆக்கினோம், இப்போது வங்காளியைப் பங்களா ஆக்கியிருக்கிறோம். அவர் பெயரைக் கேட்க மட்டும் வாய் வருவதில்லை.

ரயிலடி:

@செம்பனை, அந்த விருந்தில் நானும் இருந்தேன் என்று நினைக்கிறேன். முழங்கியவர் யார் என்று சொல்ல மாட்டேன்.

பழைய வாத்தியார்:

நம்மவரை இங்கே இழிவாகச் சொல்லும் 'கிளிங்' பற்றித் தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைதிகளின் சங்கிலி கிளிங் கிளிங் என்று ஒலித்ததால் வந்த பெயர் என்ற கதையை மலரில் தயவுசெய்து போடாதீர்கள். கலிங்கத்திலிருந்து வந்த பெயர் அது. வெள்ளையர் கைதிகளைக் கொண்டுவருவதற்கு நெடுங்காலம் முன்பே மலாய் வரலாற்று ஏடுகளில் இழிவு எதுவும் இல்லாமல் வருகிறது. மலாக்காவில் 1748-இல் கட்டிய பள்ளிவாசலுக்கும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் அந்தப் பெயர் கௌரவமாகத்தான் நிற்கிறது. அதற்காக இன்றைக்கு ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. சிங்கப்பூரில் கிளிங் தெரு என்பதை 1920களின் தொடக்கத்திலேயே சூலியா தெரு என்று மாற்ற வைத்தார்கள் நம்மவர். பள்ளிவாசல் பெயர் பள்ளிவாசலில் இருக்கட்டும்.

ஒட்டுப்பால்:

எல்லாவற்றையும் படித்தேன். இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன். பறையொலி தங்கச்சி இரட்டைமலையாரைச் சொன்னார், எனக்கு அவர் வழி பிடித்திருக்கிறது. மொரீஷியசில் கால் தோராபுல்லி என்ற கவிஞர் 'கூலிட்யூட்' என்று ஒரு சொல்லையே உண்டாக்கி, கூலிகளின் வழிவந்தவன் என்று நெஞ்சு நிமிர்த்தினார். அதே மொரீஷியசில், ஆட்கள் வந்திறங்கிய துறைக்குக் கூலி காட் என்றுதான் பெயர் இருந்தது. அப்பிரவாசி காட் என்று மாற்றிவிட்டார்கள். 2006-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனபோது அந்தப் புதுப் பெயரில்தான் ஆனது. குடியேறியவர் துறை என்று பொருளாம். குடியேறியவர் என்றால் பெட்டியோடு விமானத்தில் வந்தவரும் குடியேறியவர்தான். யாருடைய முதுகு வலித்தது என்பது அந்தப் பெயரில் எங்கே இருக்கிறது?

கோர்ட்டுப் படி:

அண்ணன், பெயரை மாற்றியவர்களும் கூலிகளின் பேரப்பிள்ளைகள்தானே. அவர்களுக்கும் முதுகு உண்டு. கயானாவிலும் டிரினிடாடிலும் அந்தச் சொல்லைத் தெருச்சண்டையில் எறிந்தால் இன்றைக்கும் அடிதடிதான்.

ஒட்டுப்பால்:

கயானாவில் அடிக்கட்டும். இது சுங்கை சிப்புட்.

செம்பருத்தி:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு குழு கூடி ஒருவழியாக முடிவு செய்தோம். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து அச்சிடுகிறோம், பென்சில் எழுத்து அப்படியே தெரியும். அந்தச் சொல் அங்கே எழுதியவருடைய கையெழுத்தாகவே இருக்கும். கீழே ஆங்கிலத்தில் நாங்கள் எழுதுவது: 'தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள், காலைப் பெரட்டு. ஆண்டு தெரியவில்லை. பின்பக்கக் குறிப்பு தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவருடையதாக இருக்கலாம்.' 'இண்டென்சர்ட்' இல்லை, 'ஸ்லேவ்' இல்லை. சித்தப்பாவுக்குக் கோபம்தான்.

ஒட்டுப்பால் அண்ணனுடைய கட்சியை நாங்கள் தள்ளிவிடவில்லை. தன் பாட்டனைப் பற்றி அவரே தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரட்டும், கூலி என்றே எழுதட்டும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்லை நான் மாற்ற மாட்டேன்.

படத்தில் இருப்பவர்களின் பெயர்களைத் தேடுகிறோம். இடது பக்கம் இரண்டாவது பெண் கழுத்தில் காரை போட்டிருக்கிறார், கிராணிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒரு காது மடிந்திருக்கிறது. வீட்டில் பெரியவர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். துரையின் நாய்க்குப் பெயர் போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று ஐந்துக்கு நான்கு வாக்கில் தீர்மானமாயிற்று.

இனி மலாய்ப் பக்கம். அதில் 'கூலி' என்று போட்டால் மலாயில் அது இன்னொரு கதை. தொழிலாளி என்று 'புருஹ்' என்பதா, தோட்டத் தொழிலாளி என்று 'பெக்கர்ஜா லாடாங்' என்பதா?

செம்பனை:

'பெக்கர்ஜா லாடாங்' போடுங்கள் அக்கா. எங்கள் தோட்டத்துச் சம்பளச் சீட்டில் இப்போது இருப்பவர்களுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். மலாய்ப் பக்கத்தை நானே தட்டச்சு செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.

ஒட்டுப்பால்:

ஒரு பக்கம் போதாது. இரண்டு பக்கம் கொடுங்கள்.